டிப்மேன் 98: கனமான ஸ்பிரிங் போட்டபின் மார்க்கர் தானாகத் தொடர்ந்து சுடுகிறது

பனிக்காடு:
வணக்கம். என்னிடம் இருப்பது டிப்மேன் 98 கஸ்டம் என்ற பெயின்ட்பால் மார்க்கர் (வண்ணக் குண்டு சுடும் துப்பாக்கி), சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) பாட்டில். ஒன்டாரியோவில் வெளித்திடலில் விளையாடுகிறேன். குளிர் தொடங்கியதும் வேகம் சரிந்து, குரோனோவில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) விநாடிக்கு 240 அடி அளவுக்குத்தான் காட்டியது. அதனால் ஒரு ஸ்பிரிங் செட் வாங்கி, அதிலேயே கனமான மெயின் ஸ்பிரிங்கைப் போட்டேன். இப்போது முதல் சில குண்டுகள் 275-இல் அருமையாகப் போகின்றன. வேகமாகச் சுட ஆரம்பித்தால்தான் வம்பு. டிரிகரை ஒருமுறை இழுத்தால் டர்ரென்று தானாகவே அடித்துத் தள்ளி, காக் ஆகாமல் (போல்ட் பின்னால் போய் மாட்டாமல்) நின்றுவிடுகிறது. குண்டுகளும் உள்ளேயே உடைகின்றன. பாட்டிலைத் திருகும்போது குழல் வழியாக உஸ்ஸென்று வாயு வேறு போகிறது. செட்டில் வால்வு ஸ்பிரிங்கும் இருக்கிறது. அதையும் மாற்றினால் சரியாகுமா?

மஞ்சள் மாஸ்க்:
பாட்டில் காலியாகும் நேரத்தில் இந்த வகை மார்க்கர் எல்லாமே இப்படித்தான் டர்ரென்று ஓடும். முதலில் நிரப்பிப் பாருங்கள். உஸ் சத்தத்துக்குக் காரணம், காக் செய்யாமல் பாட்டிலை மாட்டுவதாக இருக்கலாம்.

பனிக்காடு:
பாட்டில் அன்று காலையில் நிரப்பியதுதான் அண்ணா. காக் செய்துவிட்டு மாட்டினால் உஸ் இல்லை, உண்மைதான். ஆனால் பழைய ஸ்பிரிங்கில் இவ்வளவு சத்தம் வந்ததில்லை.

பழைய ஸ்பேனர்:
தம்பி, வால்வு ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

98-இல் நடப்பது இதுதான். மெயின் ஸ்பிரிங் பின் போல்ட்டை (உள்ளே பின்பக்கம் முன்னும் பின்னும் ஓடும் உருளை) தள்ளுகிறது, அது வால்வை அடித்துத் திறக்கிறது. அந்த ஒரு திறப்பில் வரும் வாயுதான் குண்டையும் முன்னே தள்ள வேண்டும், பின் போல்ட்டையும், டிரிகர் விடுவிக்கும் சியர் கொக்கியில் மாட்டும் வரை பின்னே தள்ள வேண்டும். ஒரே சம்பளத்தில் இரண்டு வீட்டு வாடகை கொடுக்கிற கதை. ஸ்பிரிங் கனமானால் அடி பலமாகி வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும், குண்டு வேகமாகப் போகும். ஆனால் திரும்பி வரும்போது அதே கனமான ஸ்பிரிங்கைத்தான் வாயு அமுக்கியாக வேண்டும்.

அழுத்தம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. சிஓ2 அழுத்தம் முழுக்க வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 830 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு), 0 டிகிரியில் 500-ஐ ஒட்டி வந்துவிடும். வேகமாகச் சுடும்போது பாட்டில் இன்னும் குளிர்ந்து அதுவும் இறங்கும். அப்போது பின் போல்ட் கொக்கியைத் தொடாமல் பாதி வழியில் நின்று, மறுபடி முன்னே பாய்ந்து வால்வை அடிக்கிறது. அதுதான் உங்கள் டர்ர். ஒவ்வொரு அடியும் முந்தையதை விடப் பலவீனம், கடைசியில் நின்றுவிடுகிறது.

குண்டு உடைவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். குண்டைக் குழலுக்குள் தள்ளும் முன் போல்ட் பின் போல்ட்டோடு கம்பியால் இணைந்தது, அதனால் அதுவும் பலமாகப் போய் இடிக்கிறது. குளிரில் ஜெலட்டின் ஓடு மொறுமொறுப்பாகிவிடும். போதாததற்கு போல்ட் பாதிவரை போய்த் திரும்பும்போது, பாதி விழுந்த குண்டையும் நறுக்கிவிடும்.

மாட்டும்போது வரும் உஸ்? காக் செய்யாத நிலையில் பின் போல்ட் வால்வு மேலேயே சாய்ந்திருக்கிறது. கனமான ஸ்பிரிங் அதை விடாமல் அழுத்திப் பிடிப்பதால் வால்வு மூட நேரமெடுக்கிறது.

செய்ய வேண்டியது: பாட்டிலைக் கழற்றி, மிச்ச வாயுவைச் சுட்டுத் தீர்த்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்தபின் திறந்து, பழைய ஸ்பிரிங்கைப் போடுங்கள். அப்படியே பின் போல்ட்டின் ஓ-ரிங்கையும் (வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) பாருங்கள். அது காய்ந்தோ வெடித்தோ இருந்தால் எந்த ஸ்பிரிங் போட்டாலும் காக் ஆகாது. மார்க்கர் எண்ணெய் சில சொட்டுப் போதும், ஸ்பிரே எண்ணெய் வேண்டாம். சரியாகும்வரை இதைத் திடலுக்குள் கொண்டு போகாதீர்கள். தானாகச் சுடும் மார்க்கர் அடுத்தவன் கண்ணுக்கு ஆபத்து.

சுண்டுவிரல்:
நான் கனமான ஸ்பிரிங்கோடு கோடை முழுக்க சிஓ2-இல் விளையாடினேன், ஒரு தொல்லையும் இல்லையே?

பழைய ஸ்பேனர்:
கோடை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 30 டிகிரியில் அழுத்தம் 1,000 பி.எஸ்.ஐ.-க்கு மேல். கொக்கி வரை தள்ள வாயு தாராளமாக இருக்கும். ஆனால் வேகம் 300-ஐத் தாண்டாமல் இருக்க இடப்பக்க வேகத் திருகை உள்ளே இறுக்கி அடக்கியிருப்பீர்களே? காசு கொடுத்து ஏற்றியதைத் திருகால் இறக்குவதில் என்ன லாபம்?

மஞ்சள் மாஸ்க்:
கனமானதில் சில சுற்றுகளை வெட்டிப் போட்டால் நடுத்தரமாகாதா?

பழைய ஸ்பேனர்:
வெட்டினால் ஸ்பிரிங் மென்மையாகாது, உண்மையில் மில்லிமீட்டருக்கு மில்லிமீட்டர் இன்னும் விறைப்பாகும். குறைவது நீளமும் முன்னழுத்தமும்தான். வெட்டிய முனை தட்டையாக இல்லாமல் போல்ட்டின் உள்சுவரை வேறு சுரண்டும். பழையதை இழுத்து நீட்டுவதும் வேண்டாம், கொஞ்ச நாளில் சுருங்கிவிடும். செட்டில் உள்ள நிறத்தையும் நம்பாதீர்கள், ஆளுக்கொரு நிறம். வெர்னியர் அளவியால் கம்பித் தடிமனை அளந்து பாருங்கள். தடிமன் 10% கூடினாலே, மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால், விறைப்பு 46% கூடும்.

பனிக்காடு:
பழைய ஸ்பிரிங் போட்டு ஓ-ரிங்கும் மாற்றிவிட்டேன். பழைய ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. இப்போது தானாக ஓடவில்லை, குண்டும் உடையவில்லை. குளிரில் வேகம் 250 பக்கம். நண்பனின் அழுத்தக் காற்று பாட்டிலை மாட்டிப் பார்த்தேன், அதே குளிரில் 280 வந்து அங்கேயே நின்றது!

பழைய ஸ்பேனர்:
அவர் பாட்டில் ரெகுலேட்டர் (வெளிவரும் அழுத்தத்தைச் சீராக வைக்கும் கருவி) 850 பி.எஸ்.ஐ. தருகிற வகையாக இருக்கும். குளிரானாலும் பாட்டிலில் காற்று உள்ளவரை அது மாறாது. வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், 450 தருகிற பாட்டில்களும் உண்டு. 98-க்கு அது போதாது, மறுபடி காக் ஆகாமல் இங்கே வந்து நிற்பீர்கள்.

பனிக்காடு:
850 என்று குறித்துக்கொண்டேன். ஸ்பிரிங் செட் யாருக்காவது வேண்டுமா? தபால் செலவு மட்டும் போதும்.