திங்க்பேட் விசிறி: நம் கையிலா, பயாஸ் கையிலா?

ஆலமரம்:
பழைய திங்க்பேட் மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறேன். உலாவியில் ஏதாவது படித்துக்கொண்டிருந்தாலே விசிறி விடாமல் ஓடுகிறது. வெப்பம் பார்க்கும் சென்சார்ஸ் கட்டளை 48 டிகிரிதான் காட்டுகிறது. விசிறியை ஓட்டும் திங்க்ஃபேன் நிரலைப் போட்டு நானே கட்டுப்படுத்தலாமா? வேண்டாம், பயாஸ் (கணினியோடு வரும் அடிப்படை மென்பொருள்) பார்த்துக்கொள்ளும் என்கிறார் நண்பர்.

முனையன்:
தாராளமாகப் போடுங்கள். லினக்ஸ் வன்பொருளோடு பேச உதவும் திங்க்பேட்-ஏசிபிஐ மாட்யூல் சாதாரணமாக விசிறியைத் தொடவிடாது. ஃபேன்-கண்ட்ரோல் விருப்பத்தை 1 ஆக்கி அதை மறுபடி ஏற்றினால்தான் வழி திறக்கும். பிறகு 0 முதல் 7 வரை வேக நிலைகள். எந்த வெப்பத்துக்கு எந்த நிலை என்று திங்க்ஃபேன் கோப்பில் அட்டவணையாக எழுத வேண்டும். அடுத்தடுத்த நிலைகளின் எல்லைகள் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எழுதுங்கள். 60 டிகிரியில் 2ஆம் நிலைக்கு ஏறினால், 55க்குக் கீழே வந்த பிறகே 1க்கு இறங்க வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் விசிறி ஓயாமல் ஏறி இறங்கும். ஒரே சீராக ஓடும் சத்தத்தைவிட அது எரிச்சல். கடைசி வரியில் எண் போடாமல் முழுவேகம் என்றே கொடுத்துவிடுங்கள்.

கரிசல்:
நான் இதை ஏற்கவில்லை. ப்ராசசருக்குப் பயமில்லை, 100 டிகிரியை நெருங்கினால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரிக்கும் எஸ்எஸ்டிக்கும் சார்ஜிங் சர்க்யூட்டுக்கும் யார் பொறுப்பு? போர்டில் இருக்கும் எம்பெடட் கண்ட்ரோலர் என்ற சிப் (நண்பர் பயாஸ் என்றது இதன் வேலையைத்தான்) பல இடங்களின் சூட்டைப் பார்த்துத்தான் விசிறியை ஓட்டுகிறது. திங்க்ஃபேனுக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த சென்சார் மட்டும்தான் தெரியும். சார்ஜ் ஏறும்போது ப்ராசசர் 50இல் இருக்கிறது என்று விசிறியை 0இல் நிறுத்தினால், பேட்டரி உள்ளே வெந்துகொண்டிருக்கும். அதுவும் யாரோ எந்த அறையில் வைத்து எழுதிய அட்டவணையோ, அதை அப்படியே எடுத்து மே மாதத்து மதுரையில் ஓட்டுகிறோம்.

முனையன்:
பேட்டரியையும் சேர்த்து எழுதலாமே! ஐபிஎம் கோப்புறையில் உள்ள தெர்மல் கோப்பைப் படித்தால் கண்ட்ரோலர் பார்க்கும் வெப்ப அளவுகள் வரிசையாக வரும். -128 என்று இருந்தால் அந்த இடத்தில் சென்சார் இல்லை என்று பொருள். திங்க்ஃபேன் செத்துப்போனாலும் ஆபத்தில்லை. வாட்ச்டாக் இருக்கிறது, அதிகபட்சம் 120 நொடி. அதற்குள் புதிய கட்டளை வராவிட்டால் விசிறி தானியங்கி நிலைக்குத் திரும்பிவிடும்.

கரிசல்:
செத்தால் சரி. சாகாமல் தவறான சென்சாரைப் படித்துக்கொண்டிருந்தால்? லினக்ஸ் சென்சார்களுக்குக் கொடுக்கும் ஹெச்டபிள்யூமான் எண்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடியவை. நேற்று 3 என்பது ப்ராசசர், இன்று வைஃபை கார்டு.

முனையன்:
அதனால்தான் எண்ணால் எழுதக்கூடாது. கோர்டெம்ப் (ப்ராசசர் சென்சார்) என்று பெயரைக் கொடுத்தால் திங்க்ஃபேனின் புதிய பதிப்புகள் தாமே தேடிக்கொள்ளும்.

நெல்லிக்கனி:
தெர்மால்டைப் போட்டால் போதாதா?

கரிசல்:
இன்டெல் கணினிகளில் அது பெரும்பாலும் ப்ராசசரின் மின்சக்தி வரம்பைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துவது. இந்த விசிறியின் அட்டவணையை அது மாற்றாது. ஆனால் திசை சரியானது: சூட்டை உண்டாகும் இடத்திலேயே குறைக்க வேண்டும். ஆலமரம், ரூட்டாக (நிர்வாகியாக)ப் போய் இன்டெல்-பிஸ்டேட் கோப்புறையில் நோ-டர்போவை 1 ஆக்கி, ப்ராசசர் தேவைப்படும்போது எடுக்கும் கூடுதல் வேகமான டர்போவை நிறுத்திப் பாருங்கள். கணினியை மறுபடி தொடங்கினால் பழையபடி ஆகிவிடும், எதுவும் கெடாது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் வேகம் குறைந்ததே தெரியாது. அதோடு வெப்பத் தகட்டில் தூசி அடைத்திருந்தால் எந்த அட்டவணையும் உதவாது. ப்ராசசருக்கும் தகட்டுக்கும் இடையில் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தாலும் அப்படியே.

முனையன்:
தூசி விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் அவருடைய கணினி 48இல் இருக்கிறது, அது சூடே இல்லை! குறைக்க என்ன இருக்கிறது? கண்ட்ரோலரில் எழுதிவைத்த எல்லை அவ்வளவு தாழ்வு, அவ்வளவுதான். டர்போவை வெட்டினால் நிரல் கம்பைல் செய்பவருக்கு நஷ்டம், விசிறியோ 48இல் ஓடத்தான் செய்யும்.

ஆலமரம்:
கம்பைல் வேலை எனக்கு உண்டு, டர்போ வேண்டும். இப்போது தெர்மல் கோப்பைப் பார்த்தேன்: முதல் எண் 48, ஒன்று 41, மீதி எல்லாம் -128. அந்த 41 பேட்டரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கரிசல்:
சார்ஜரைச் செருகி, வேறு வேலை எதுவும் கொடுக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். முதல் எண் அசையாமல் அது மட்டும் ஏறினால் பேட்டரிப் பக்கம்தான். அது தெரியும்வரை 0 நிலையை எழுதாதீர்கள், 1இலேயே ஓடட்டும்.