சீஷெல்ஸில் பாய்மரப் படகுப் பயணம்: எந்த மாதம், எந்தத் தீவுகள்?

கேள்வி – கோவைவாசி

நானும் என் மனைவியும் அடுத்த ஆண்டு சீஷெல்ஸ் தீவுகளில் ஒரு வாரம் பாய்மரப் படகில் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். இருவருக்கும் படகு ஓட்டத் தெரியாது. அவருக்கு ஊட்டி மலைப்பாதையில் பேருந்து ஏறினாலே குமட்டும். நீந்துவதும் படிப்பதும் உறங்குவதுமாகப் பொழுதைக் கழிக்கவே விருப்பம். விடுப்பு ஜூலையில் உறுதி. முயன்றால் அக்டோபரிலும் கிடைக்கலாம். எந்த மாதம் உகந்தது? மாஹே, பிராலின், லா டிக் தவிர வெளித்தீவுகளையும் சேர்க்கலாமா?

பதில் – நங்கூரம்

அக்டோபர்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று வீசும். ஜூலை, ஆகஸ்டில் அது உச்சத்தில் இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்றும் மழையும். இவற்றுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும்தான் கடல் தணிந்து அடித்தரை தெளிவாகத் தெரியும். புயலைப் பற்றிக் கவலை வேண்டாம். நிலநடுக்கோட்டுக்கு 4 டிகிரி தெற்கே இருக்கும் இத்தீவுகளைப் புயல்கள் பெரும்பாலும் நெருங்குவதில்லை.

மாஹேயிலிருந்து பிராலின் வடகிழக்கே ஏறத்தாழ 25 கடல் மைல். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். தென்கிழக்குக் காற்றோ வடமேற்குக் காற்றோ, எதுவானாலும் படகின் விலாவில்தான் வந்து மோதும் என்பதால் பாய்களுக்குக் கொண்டாட்டம். அலையும் அதே பக்கத்திலிருந்து வந்து உருட்டும் என்பதால் வயிற்றுக்குத் திண்டாட்டம். எனவே, அதிகம் சாயாத இரட்டை உடல் கேட்டமரானையே எடுங்கள். மருத்துவரைக் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, உங்கள் மனைவி மேல்தளத்தில் தொடுவானத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கட்டும். புத்தகத்தை நங்கூரமிட்ட பிறகு பிரிக்கலாம். அந்த ஒரு தாண்டல் முடிந்தால், பிராலின், கியூரியஸ், லா டிக் எல்லாம் அருகருகே இருப்பவைதாம்.

வெளித்தீவுகளை மறந்துவிடுங்கள். அல்டாப்ரா மாஹேயிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

பதில் – தென்கடலோடி

மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். அக்டோபர் இறுதியில் காற்று அறவே நின்று, பாதித் தொலைவை எஞ்சினில் கடக்க நேரிடலாம். பாய் விரித்துப் போகும் சுகம்தான் முதன்மை என்றால் மே மாதமே சிறந்தது. ஆனால், உங்கள் மனைவியின் உடல்நிலையைப் பார்த்தால் எஞ்சின் இரைச்சலே தேவலை.

எந்தக் குடாவில் இரவு தங்குவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். பிராலினின் வடமேற்கு முனையிலுள்ள ஆன்ஸ் லாசியோ தென்கிழக்குக் காற்றில் குளம்போல் இருக்கும். வடமேற்குக் காற்றில் அங்கே உறங்க முடியாது. ஆகவே, ஒவ்வோர் இரவுக்கும் இடம் குறித்த அட்டவணையோடு போகாதீர்கள். ஆண்டு முழுவதும் ஆறரை மணியையொட்டிச் சூரியன் மறைந்துவிடுவதால், நீருக்கடியிலுள்ள பவளமும் பாறையும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலேயே, நான்கு மணிக்குள், நங்கூரமிட்டுவிட வேண்டும்.

கியூரியஸுக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். கரையிறங்கிய இடத்திலேயே அல்டாப்ரா ராட்சத ஆமைகள் திரியும். கழுத்தடியில் மெல்லச் சொறிந்தால் நான்கு கால்களையும் ஊன்றி எழும்பி, கழுத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். பிராலினில் இரட்டைத் தேங்காய் மரங்கள் அடர்ந்த வாலே டி மே காட்டை (1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது) அரைநாளில் பார்த்துவிடலாம்.

கோவைவாசி

இருவருக்கும் நன்றி, அக்டோபருக்கே விடுப்பு கேட்கிறேன். படகை ஓட்டும் ஸ்கிப்பரை அமர்த்தினால் எங்களுக்குத் தனிமை இருக்குமா? இருவரும் சைவம், உணவுக்கு என்ன வழி?

பதில் – நங்கூரம்

ஸ்கிப்பர் இல்லாமல் உங்களுக்குப் படகே தரமாட்டார்கள். அவருக்குத் தனி அறையும் மூன்று வேளை உணவும் உங்கள் பொறுப்பு. முன்முனையில் தனிவாசல் கொண்ட பணியாளர் அறை உள்ள படகாகக் கேட்டு வாங்கினால், இரு தரப்புக்கும் தொல்லையில்லை. அரிசி, பருப்பு, காய்கறிகளை மாஹேயிலுள்ள விக்டோரியாவிலேயே வாங்கி ஏற்றிவிடுங்கள். சிறிய தீவுகளில் கடைகள் குறைவு, விலையும் கூடுதல். தமிழர்கள் கட்டிய நவசக்தி விநாயகர் கோயில் அந்நகரச் சந்தைக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கே வருபவர்களிடம் விசாரித்தால் மளிகைக்கு எந்தக் கடை நல்லது என்று சொல்வார்கள்.