இல்லாத மடலைத் தேடிய கதை: மின்னஞ்சல் மென்பொருளோடு பட்ட பாடு

என் உள்பெட்டியின் மேல் 'படிக்காதது 1' என்று காட்டிக்கொண்டிருந்தது. திறந்தால் படிக்காத மடல் ஒன்றுமே இல்லை. மூன்று வாரம் இப்படியே போனது. எண்ணிக்கையில்தான் ஏதோ பிழை என்று நினைத்துச் செயலியை நீக்கி மீண்டும் நிறுவினேன். கோப்புறையின் அட்டவணையைப் புதிதாக உருவாக்கச் சொன்னேன். அந்த 1 அசையவில்லை. ஒரு நாள் சலிப்போடு பட்டியலின் அடிவரைக்கும் உருட்டிக்கொண்டே போனேன். இந்தக் கணக்கு தொடங்கிய நாளில் வந்த முதல் மடலுக்கும் கீழே, தடித்த எழுத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் தேதி 1970 ஜனவரி 1.

அனுப்பியது ஒரு பழைய ஸ்கேனர். மடலின் தேதி அஞ்சலகம் குத்தும் முத்திரையைப் போன்றதல்ல. கடிதம் எழுதுகிறவர் தாளின் மூலையில் தாமே போட்டுக்கொள்ளும் தேதியைப் போன்றது; அனுப்பும் கருவி எதைச் சொல்கிறதோ அதுதான். பல கருவிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளாக எண்ணுகின்றன. கடிகாரம் சுழியத்துக்குத் திரும்பினால் அந்த நாளே வந்து நிற்கும். என் செயலி அதை அப்படியே நம்பி, மடலை அடியில் கொண்டுபோய்ச் செருகிவிட்டது. இப்போது பெறப்பட்ட நேரத்தின்படி வரிசைப்படுத்திக்கொள்கிறேன். நீங்களும் இப்படி ஏமாந்திருந்தால் எழுதுங்கள், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

* * *

ஏமாந்த கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்தில் தானாக அறிவிப்பு அனுப்பும் நிரல் ஒன்று உண்டு. பொருள் வரி தமிழில்தான் இருக்கும். 'பராமரிப்பு அறிவிப்பு' என்று அனுப்பினால், 'அறிவ' வரைக்கும் ஒழுங்காக வந்து, அடுத்த இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறிகள் நிற்கும். பிறகு 'ப்பு' சரியாக இருக்கும். ஆனால் 'நாளை ஒரு புதிய அறிவிப்பு' என்று அனுப்பினால் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேரும். நீளமான வரி பிழைத்துக்கொள்கிறது, குட்டையான வரி உடைகிறது! இது போதாதென்று, கைபேசியில் இரண்டுமே சரியாகத் தெரிந்தன. அதனால் எல்லாருமாகச் சேர்ந்து கணினியில் இருந்த அஞ்சல் செயலியைத் திட்டினோம். எழுத்துருவை மாற்றினோம், வேறு பதிப்பை நிறுவினோம். நான் ஒரு படி மேலே போய், 'றி', 'வி' என்று இகர ஒலி அடுத்தடுத்து வருவதுதான் கோளாறு என்று ஒரு கொள்கையே வகுத்து, கூட்டத்தில் அதை விளக்கவும் செய்தேன். இன்றும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இதற்கான விடை அந்த மடலின் மூல வடிவத்தில், அதாவது செயலி எழுத்தாக்கிக் காட்டுவதற்கு முந்தைய வடிவத்தில், இருந்தது. செயலிகளில் 'மூலத்தைக் காட்டு' என்று ஒரு கட்டளை எங்காவது ஒளிந்திருக்கும். நான் அதுவரை அதைத் தொட்டதே இல்லை. பொருள் வரியில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் வந்தால் அவற்றைக் குறியீடாக மாற்றி, துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். ஒரு துண்டு 75 குறிகளைத் தாண்டக் கூடாது. தொடக்கமும் முடிவும் 12 குறிகளை எடுத்துக்கொள்ளும். மீதியில், 3 பைட்டை 4 குறிகளாக மாற்றி எழுதும் பேஸ்64 முறைப்படி, 45 பைட் கொள்ளும். எங்கள் நிரலை எழுதியவர் எழுத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு 45 பைட்டுக்கு ஒரு வெட்டு வெட்டியிருந்தார்.

எழுத்துகளைக் கணினி பைட்டுகளாக எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். 'வி' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு 'வ' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறிகள். 45 என்பது 3-இன் மடங்கு என்பதால், இடைவெளியே இல்லாத தமிழ் வரியாக இருந்தால் கத்தி சரியான இடத்தில்தான் விழும். ஆனால் சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்கு 1 பைட்தான். 'பராமரிப்பு' 30, இடைவெளி 1, 'அறிவ' 12, ஆகமொத்தம் 43. மிச்சம் இருக்கும் 2 பைட்டில் இகரக் குறியின் மூன்றில் இரண்டு பங்கு ஒரு துண்டிலும் வால் அடுத்த துண்டிலும் போய்விட்டன. இன்னொரு வரியில் முதல் 45 பைட்டுக்குள் மூன்று இடைவெளிகள். கணக்கு மறுபடியும் நேராகிவிட்டது. கைபேசிச் செயலி துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு எழுத்தாக்கியதால் குற்றத்தையே மறைத்துவிட்டது. கணினிச் செயலி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் படித்தது. நாங்கள் திட்டிய அதுதான் விதியின்படி நடந்தது! ஓர் எழுத்தைத் துண்டுகளுக்கிடையே உடைக்கக் கூடாது என்று 1996-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2047 என்ற இணைய விதி ஆவணம் தெளிவாகவே சொல்கிறது.

* * *

என்னுடையது சிறியது. எங்கள் மேலாளர் மடல்களில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஜே' என்ற ஆங்கில எழுத்தைத் தனியாகப் போடுவார். அவர் பெயரின் முதலெழுத்து, கையெழுத்து மாதிரி போடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர் தட்டியது சிரிப்புக் குறி. அவருடைய செயலி அதை விங்டிங்ஸ் எழுத்துருவின் 'ஜே' ஆக மாற்றிவிடுகிறது. அந்த எழுத்துருவில் அந்த இடத்தில் இருப்பது சிரிக்கும் முகம். எழுத்துரு இல்லாத என் கணினியில் வெறும் 'ஜே' மட்டும் மிஞ்சியது. எத்தனை நகைச்சுவையை நான் கண்டிப்பான உத்தரவு என்று எடுத்துக்கொண்டேனோ!

* * *

எனக்கு மடல்கள் காணாமல் போயின, அதுவும் சனி, ஞாயிறுகளில் மட்டும். கடவுச்சொல்லை யாரோ திருடிவிட்டார்கள் என்று பயந்து இரண்டு முறை மாற்றினேன். மாற்றியதும் நின்றுவிடும், சில நாளில் மீண்டும் தொடங்கும். திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்தான்: என் பழைய கைபேசி. அதில் கணக்கு, மடல்களைக் கருவிக்கே இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில் இருந்தது; 'சர்வரில் நகலை வைத்திரு' என்ற தேர்வு இல்லாமல். அதாவது மடலை இறக்கிக்கொண்டதும் சர்வரில் இருப்பதை அழித்துவிடும். வார இறுதியில் என் மகன் விளையாடுவதற்காக அதை உயிர்ப்பிப்பான். கடவுச்சொல் கேட்டு அது நச்சரிக்கும்போதெல்லாம் நல்ல பிள்ளையாக என்னிடம் கேட்டு, புதியதைத் தட்டிக்கொடுத்ததும் அவனேதான். நானும் வேறேதோ வேலையில் மூழ்கியபடி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதில் 412 மடல்கள் பத்திரமாக இருந்தன.

* * *

பொருள் வரிக் கதையை எழுதியவருக்கு: மூலத்தைக் காட்டும் கட்டளை என்னையும் ஒரு முறை காப்பாற்றியது. டிஜிட்டல் கையெழுத்திட்டு அனுப்பும் ஒப்பந்த மடல்களில் ஒன்று மட்டும், போய்ச் சேர்ந்ததும் 'உள்ளடக்கம் மாற்றப்பட்டுள்ளது' என்று எச்சரித்தது. சாவிகளைப் புதிதாக உருவாக்கியும் பயனில்லை. அனுப்பியதையும் பெற்றதையும் அருகருகே வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். ஓர் ஆங்கில வரி 'ஃப்ரம்' என்ற சொல்லில் தொடங்கியது. பெற்ற மடலில் அதற்கு முன்னால் '>' என்ற குறி கூடுதலாக முளைத்திருந்தது. எம்பாக்ஸ் என்ற பழைய சேமிப்பு முறையில் எல்லா மடல்களும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கும். 'ஃப்ரம்', அதை அடுத்து ஓர் இடைவெளி என்று தொடங்கும் வரிதான் அடுத்த மடலின் தொடக்கம். மடலுக்குள்ளேயே அப்படி ஒரு வரி வந்தால் குழம்பாமல் இருக்க, முன்னால் அந்தக் குறியைச் செருகிவிடுவார்கள். வழியில் ஏதோ ஒரு சர்வர் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அந்த வாக்கியத்தில் சொற்களை முன்பின்னாக மாற்றி, 'ஃப்ரம்' வரியின் நடுவே வரும்படி எழுதி அனுப்பினேன். கையெழுத்து செல்லும் என்று உடனே பச்சைக் குறி வந்தது. ஒப்பந்தத்தின் நடையை எதற்காக மாற்றினேன் என்று வழக்கறிஞருக்கு விளக்கத்தான் அரை மணி நேரம் ஆனது.