உபுண்டுவின் தீர்வு டெபியனுக்கு ஆகுமா?

டெர்மினல்தாசன்:
டெபியன், உபுண்டு இரண்டும் லினக்ஸ் வகைகள்; உபுண்டு டெபியனிலிருந்து கிளைத்தது. அதனால் டெபியனில் கோளாறு என்று யார் கேட்டாலும் உபுண்டு பக்கத்து லிங்கைக் கொடுத்துவிட்டு நழுவிவிடுகிறார்கள். நேற்று ஒருவர், டெபியன் 12-இல் நெட்வொர்க் மேனேஜர் (இணைப்புகளைக் கவனிக்கும் நிரல்) வயர் இணைப்பை 'அன்மேனேஜ்டு' (என் பொறுப்பில் இல்லை) என்று காட்டுகிறது என்றார். உபுண்டு நெட்வொர்க்கை அமைக்கப் பயன்படுத்தும் நெட்பிளானின் கோப்பைத் திருத்தச் சொல்லிவிட்டார்கள். அவர் மெஷினில் நெட்பிளானே இல்லை! டெபியனின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பான இன்டர்ஃபேசஸில் அந்த நெட்வொர்க் கார்டின் பெயர் இருந்தால் நெட்வொர்க் மேனேஜர் அதைத் தொடாது. அந்த வரிகளுக்கு முன்னால் # போட்டு முடக்கி, ரீபூட் செய்தால் வேலை முடிந்தது.

மின்ட்வாசி:
ஒரு கேஸை வைத்து எல்லாவற்றையும் தள்ளாதீர்கள். மென்பொருளை நிறுவ இரண்டிலும் ஏபிடிதான், டிபிகேஜிதான். 2015 ஏப்ரலில் இரண்டு நாள் இடைவெளியில் வந்த உபுண்டு 15.04, டெபியன் 8 இரண்டுமே, சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் நிரல்களை) இயக்கும் சிஸ்டம்டிக்கு மாறின. ஒரு சர்வீஸ் எழவில்லை என்றால் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை எங்கே போட்டாலும் ஒரே மாதிரிதான் பேசும். பதில்கள் கொட்டிக் கிடப்பது உபுண்டு பக்கம். அதுவும் வேண்டாமென்றால் புதியவர் எங்கே போவார்?

டெர்மினல்தாசன்:
நோய் பார்க்கிற கருவி ஒன்றுதான், சரி. கை வைக்கிற இடம் வேறாயிற்றே. ஃபயர்ஃபாக்ஸ் திறக்கவில்லை என்று வையுங்கள். உபுண்டு 22.04-இலிருந்து ஏபிடி வழியாகக் கேட்டாலும் உபுண்டுவின் தனிவகைப் பேக்கேஜான ஸ்னாப்தான் வந்து இறங்கும். டெபியனில் இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு), ஏபிடி கையாளும் சாதாரண டெப் பேக்கேஜ். உபுண்டுவின் மேல் கட்டிய உங்கள் மின்ட்டோ 20-ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பையே வாசலில் நிறுத்திவிட்டது. உபுண்டுவுக்கென்று தனிப்பட்டவர்கள் வைக்கும் மென்பொருள் களஞ்சியமான பிபிஏ-வை டெபியனில் சேர்த்துவிட்டு, டிபென்டென்சி (ஒரு நிரலுக்குத் தேவையான மற்ற நிரல்கள்) அறுந்து தொங்குகிறது என்று வருகிறவர்களைப் பற்றி நான் பேசவே இல்லை.

கடைசிபெஞ்ச்:
குறுக்கே வருகிறேன். டெபியன் இன்ஸ்டால் செய்யும்போது முழு அதிகாரக் கணக்கான ரூட்டுக்குக் கடவுச்சொல் கொடுத்துவிட்டால், அந்த அதிகாரத்தோடு கட்டளை இட அனுமதிக்கும் சூடோ குழுவில் பயனர் சேரமாட்டார். உபுண்டு பதில்களோ சூடோவில்தான் தொடங்கும். ஆள் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வார்.

மின்ட்வாசி:
பிபிஏ விஷயத்தில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் சூடோ எல்லாம் ஒரு சிக்கலா? எஸ்யூ போட்டு ரூட்டாக மாறி, யூசர்மாட் கட்டளை கொண்டு குழுவில் சேர்த்தால் தீர்ந்தது.

டெர்மினல்தாசன்:
வெறும் எஸ்யூ போட்டால் டெபியன் 10 முதல் யூசர்மாட்டுக்கு 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றுதான் வரும். எஸ்யூவுக்குப் பிறகு இடம் விட்டு ஒரு சிறு கோடு போட வேண்டும். இல்லையென்றால் யூசர்மாட் இருக்கும் எஸ்பின் ஃபோல்டர், கட்டளைகளைத் தேடும் பாதையில் சேராது. உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியே இருப்பதால் அந்தப் பக்கம் இதைத் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது.

மின்ட்வாசி:
அப்படியானால் பதில் சொல்கிறவர் முதலில், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கட்டும். லிங்க் கொடுப்பதையே நிறுத்தச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.