ரெசின் கொக்கிகள் முறிகின்றன: குறை ரெசினிலா, கியூரிங்கிலா?

செல்லூர் தறி:
வணக்கம். விசைத்தறிகளுக்கான சிறிய கொக்கிகளை 405 நானோமீட்டர் ஒளியில் இயங்கும் பிரிண்டரில், சாதாரண ரெசின் (ஒளி பட்டால் இறுகும் திரவம்) கொண்டு அச்சிடுகிறேன். அச்சான அன்று வளைந்து கொடுக்கும் கொக்கி, கியூரிங்குக்காக, அதாவது மேலும் இறுகுவதற்காக, மொட்டைமாடி வெயிலில் வைத்தெடுத்துப் பொருத்திய சில வாரங்களில் கழுத்தில் முறிந்துவிடுகிறது. கியூரிங் நேரத்தைக் கூட்டினால் வலுவாகுமா?

கப்பலூர் பட்டறை:
நேரத்தைக் கூட்டாதீர்கள், ரெசினை மாற்றுங்கள். விறைப்பு வேறு, உடையாமல் தாங்கும் திறன் வேறு. சாதாரண ரெசினின் அக்ரிலேட் மூலக்கூறுகள் ஒளி பட்டதும் நெருக்கமான குறுக்குப் பிணைப்புகளாக இறுகுகின்றன. அந்தப் பிணைப்பு நெருங்க நெருங்கப் பாகம் விறைப்பாகி வெப்பத்தையும் தாங்கும். ஆனால் அடி விழும்போது சங்கிலிகள் நகர்ந்து கொடுக்க இடமில்லாததால், எங்கோ தொடங்கும் சிறு கீறல் தடையின்றி ஓடிவிடும். வெட்டுத்தடம் இட்ட துண்டை ஊசலால் அடித்து உடைக்கும் ஐசாட் சோதனையில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் மீட்டருக்குச் சுமார் 200 ஜூல் தாங்குகிறது என்றால், சாதாரண ரெசின் பெரும்பாலும் 20ஐ ஒட்டியே நிற்கும். ‘டஃப்’ என்று விற்கப்படும் ரெசின்களில் நீளமான யூரித்தேன் அக்ரிலேட் சங்கிலிகள் கூடுதலாக இருப்பதால் அவை இதைவிட நன்றாகத் தாங்கும், ஏபிஎஸ் அளவுக்கு எல்லாம் வராவிட்டாலும்.

அச்சான அன்றைய வளைவை நம்ப வேண்டாம். பிணையாமல் எஞ்சிய மோனோமர் (ரெசினின் தனி மூலக்கூறுகள்) பாகத்தை இளக்கி வைத்திருக்கிறது. அதுவும் நாளடைவில் வெளிச்சத்தில் பிணைந்ததும் உண்மையான நொறுங்கும் தன்மை வெளிப்படும். நம் ஊர் வெயிலிலோ எவ்வளவு ஒளி பட்டது என்று கணக்கிட வழியில்லை, மேல்பக்கம் மட்டும் அதிகமாக இறுகவும் செய்யும். சுழலும் தட்டுள்ள கியூரிங் பெட்டியில், ரெசின் தயாரிப்பாளர் சொல்லும் நேரத்துக்கும் வெப்பத்துக்கும் மட்டும் வையுங்கள்.

திருமங்கலம் வேதியியல்:
கழுவுவதையும் கவனியுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நெடுநேரம் ஊறினால் பாகம் அதை உறிஞ்சி உப்பும், உலரும்போது நுண்விரிசல் விழும். சில நிமிடங்கள் போதும். நன்றாக உலர்ந்த பிறகே கியூரிங் செய்யுங்கள்.

செல்லூர் தறி:
மிக்க நன்றி. இன்னொன்று, கொக்கிக் கழுத்தின் உள்மூலை கூர்மையாக இருக்கிறது. கையிலுள்ள ரெசினோடு வளையும் ரெசினைக் கலந்து பார்க்கலாமா?

கப்பலூர் பட்டறை:
முதலில் அந்த மூலையைக் குறைந்தது 1 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்து வரையுங்கள். விசை முழுவதும் அங்கேதான் குவிகிறது. கலப்பதானால் ஒரே தயாரிப்பாளரின் வளையும் ரெசினைப் பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள், ஒளிபடும் நேரத்தையும் அதற்கேற்ப மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள். விறைப்பு குறையும் என்பதால் கொக்கியைச் சற்றுத் தடிமனாக்க வேண்டியிருக்கும்.