மறு: ஒப்புமைச் சிந்தனையா, உவம அளவையா? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இங்கே பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, தலைப்புக்குச் சொல் இன்னும் அமையவில்லை. ஒன்றில் கண்ட உறவை இன்னொன்றில் பொருத்திப் பார்த்துப் பிள்ளைகள் அறிவதை ஆங்கிலத்தில் analogical reasoning என்கிறார்களே, அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

கோலாலம்பூர் அண்ணன் சொன்ன 'ஒப்புமைப் பகுத்தறிவு' வேண்டாம். பகுத்தறிவு என்றதும் பெரியவர்கள் 1929இல் பெரியார் பினாங்கில் வந்திறங்கிய கதைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் பேச்சு அடிபட்டுப் போகும். ஐயா காட்டிய மணிமேகலை வரி, 'உவமம் ஆவது ஒப்புமை அளவை', எனக்கும் பிடித்ததுதான். அதில் அளவை என்பது அறியும் வழி, ஆனால் பெற்றோருக்கு அடிக்கோல்தான் நினைவுக்கு வரும். அப்புறம், அதற்கு அடுத்த வரியில் கவயமா என்ற காட்டு விலங்கு பசுவைப் போல இருக்கிறது, அவ்வளவே. நமக்கு வேண்டியது தோற்றம் அல்ல.

நேற்று தங்கை மகளிடம் இரண்டு படங்களைக் காட்டினேன், ஆறு வயது. ஒன்றில் பூனை எலியைத் துரத்துகிறது. மற்றதில் ஒரு பையன் தங்கச்சியைத் துரத்துகிறான், ஓரத்தில் ஒரு பூனை படுத்திருக்கிறது. முதல் படத்துப் பூனை இதில் யார் என்றேன். படுத்திருந்த பூனை மேல் விரலை வைத்தாள். "அந்தப் பூனை என்ன செய்யுது?" "துரத்துது." விரல் மெல்லப் பையன் மேல் நகர்ந்தது.

உளவியலாளர் டெட்ரே ஜென்ட்னர் 1988இல் உறவை நோக்கிய பெயர்ச்சி என்று எழுதியது இதைத்தான்: பிள்ளை முதலில் தோற்றத்தைப் பொருத்துகிறது, பிறகுதான் உறவை. இரண்டு உறவுகளை ஒருசேர மனத்தில் பிடிக்கவும், கண்ணை இழுக்கும் பூனையை ஒதுக்கவும் முன்நெற்றி மூளை வேண்டும், அது பதின்ம வயது கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. உவமை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே' என்கிறாரே, அதாவது செயல், பயன், வடிவம், நிறம்; பிள்ளை மெய், உருவில் தொடங்கி வினை, பயனுக்கு வந்து சேர்கிறது என்று நான் படிக்கிறேன். ஒப்புமை என்ற சொல் மெய், உருவோடு நின்றுவிடுகிறது, உவமை நான்கையும் தாங்கும். ஆகவே 'உவமைவழி அறிதல்'.

உவமை என்றால் இலைமறை காய் போல என்று மனப்பாடம் செய்வதுதானே என்று ஈப்போ தம்பி கேட்கிறார். தம்பி, அதிலும் எவரும் காயைப் போல் இருப்பதில்லை, மறைந்திருப்பதுதான் ஒக்கிறது. பாடநூல் சொல்லித்தராமல் விட்டது அந்த இடம்தான்.

பெரும்பாலோர் 'ஒப்புமைச் சிந்தனை' போதும் என்கிறீர்கள். சரி, தலைப்பில் அதுவே போகட்டும். உள்ளே, படங்களுக்குக் கீழே, 'உவமைவழி அறிதல்' என்றே தட்டச்சு செய்திருக்கிறேன். மறுப்பிருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.