குலதெய்வத்தைக் கட்டி வைத்திருக்கிறார்களாம், அவிழ்க்க 18,000 ரூபாயாம்

செக்கானூரணிக்காரன்:
அண்ணன்மாரே, ஒரு யோசனை வேண்டும். தங்கச்சிக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறது என்று அம்மா யூடியூபில் பேசுகிற ஒரு ஜோதிடருக்கு வாட்ஸ்அப்பில் ஜாதகம் அனுப்ப, அவர் ‘பங்காளி ஒருத்தர் உங்கள் குலதெய்வத்துக்குக் கட்டு போட்டிருக்கிறார், அது வீட்டுக்குள் வர முடியாமல் நிற்கிறது’ என்று சொல்லிவிட்டார். மூன்று பௌர்ணமி பூஜை, 18,000 ரூபாய். நாங்கள் போகக்கூட வேண்டாம், வீடியோ வருமாம். 5,000 ஜிபே பண்ணியாகிவிட்டது. இத்தனைக்கும் மாசி மாதக் குலதெய்வக் கும்பிடான மாசிப்பச்சைக்கு வருஷம் தவறாமல் உசிலம்பட்டிப் பக்கம் கோயிலுக்குப் போகிறவர்கள் நாங்கள். மீதியைக் கொடுக்காவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று அம்மா தூங்குவதே இல்லை.

மேலமடை:
அனுப்பாதே தம்பி. அரிவாளோடு நிற்கிற சாமியைக் கட்டிப்போட முடியும் என்றால் அப்புறம் அது என்ன காவல் தெய்வம்? எங்கள் வீட்டிலும் இதே கட்டுக் கதை, வேறு ஆள். ‘பங்காளி’ என்று மட்டும்தான் சொல்வார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள். நாங்களாகவே சித்தப்பா வீட்டைச் சந்தேகப்பட்டு இரண்டு வருஷம் பேச்சில்லாமல் கிடந்தோம், போன காசைவிட அதுதான் பெரிசு. மிரட்டினால் 1930க்குப் போன் போடு, சைபர் குற்ற உதவி எண்.

தெற்காவணிக்காரி:
அந்த ஆளை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலேயே டிக்கெட் வரிசை. சித்திரைத் திருக்கல்யாணத்துக்கு 200, 500. காசில்லாதவர் தெற்குக் கோபுர வாசலில் முண்டியடிக்க வேண்டும்.

பழைய தலைக்கட்டு:
அக்கா சொல்வதில் எனக்கும் எரிச்சல்தான், ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், டிக்கெட்டுக்கு ரசீதாவது உண்டு. சாமி காரியத்தில் காசு என்றைக்கு இல்லை? திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுகிறோம், யாரும் பில் நீட்டுவதில்லை. எங்கள் ஊரில் எல்லாத் தலைக்கட்டுக்கும் (குடும்பத்துக்கும்) ஒரே கோயில் வரி, கும்பிடு முடிந்து மரத்தடியில் கணக்கு வாசிப்பார்கள், தேங்காய் விலையில் இரண்டு ரூபாய் கூடினாலும் ஒருத்தர் எழுந்து கேட்பார் (அந்த ஒருத்தர் என் மாமாதான்). யூடியூப் ஆளிடம் கணக்கு கேட்டுப் பாரேன். பிழைக்கப் போன இடத்தில் சாமி வேண்டுமென்று பழைய கோயில் மண்ணில் ஒரு பிடி, அதாவது பிடிமண், கொண்டுபோய்க் கோயில் கட்டின ஊர்க்காரர்கள் நாம், வீடியோவில் சாமி வரும் என்றால் நம்புவதா? அம்மாவை நேரே கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பூசாரி கையால் திருநீறு வாங்கிக் கொடு.

செக்கானூரணிக்காரன்:
மீதியை அனுப்பவில்லை. நேற்று அம்மாவோடு போய்வந்தேன். பூசாரியிடம் சொன்னதும் சிரித்துவிட்டு, ‘கட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, போன மாசியில உங்கப்பா வரியில 200 ரூபா பாக்கி வச்சிருக்காரு, அதைக் குடுத்துட்டுப் போங்க’ என்றார். கொடுத்துவிட்டு வந்தோம். அம்மா இப்போது அப்பாவைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.